கற்பு போச்சுன்னு கத்துறவன் வீட்டுல காப்பி வந்துச்சா?

ஏப்பா தம்பி, செத்த இப்பிடித் திண்ணையில ஒக்காரு. அந்தச் செல்லைச் சட்டைப் பையில போடு. அது எங்கிட்டும் ஓடிப் போயிராது.

நேத்து ராத்திரி ஊரு பூரா ஒரு சேதி அனுப்பிவிட்டியாமே? என் செல்லுக்கும் வந்துச்சு. பேத்திதான் வாசிச்சுக் காட்டுனா. மேல ஒரு மகாலெட்சுமி படம். கீழ ‘குடும்பப் பெண்ணின் லட்சணங்கள்’னு வரிசையா எழுதியிருக்கு. கோழி கூவையில எந்திரிக்கணுமாம். வாசப்படியில நிக்கக் கூடாதாம். குரல் வீட்டைத் தாண்டக் கூடாதாம். சத்தமாச் சிரிக்கவே கூடாதாம். கடைசியில, ‘உண்மையான தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு’ன்னு ஒரு மெரட்டல் வேற.

வாசிச்சு முடிச்சதும் பேத்தி சத்தமாச் சிரிச்சுப்புட்டா. என்ன செய்ய, அங்கனயே ஒரு லட்சணம் கொறைஞ்சு போச்சு.

ஒண்ணு கேக்குறேன் அப்பு, கோவிச்சுக்காத. கோழி கூவையில எந்திரிக்கணும்னு ஊருக்கு எடுத்துச் சொன்ன நீ, அதை அனுப்பையில மணி ராத்திரி ஒண்ணரை. நீ எந்திரிக்கையில அந்தக் கோழி முட்டையிட்டு, அந்த முட்டை ஆம்லேட்டாகி, ஒன் தட்டுல ஆறிப் போயிக் கெடந்துச்சு. போட்டு வச்சது யாரு? ஒங்க ஆத்தா. அவ அந்தச் சேதியை வாசிச்சாளான்னு கேட்டியா? அவளுக்கு எங்கடா நேரம்?

‘பொம்பள சிரிச்சாப் போச்சு, பொகையிலை விரிச்சாப் போச்சு’ன்னு ஒரு சொலவடை உண்டு. பொகையிலை வெவகாரம் எனக்குத் தெரியும். எளவட்டத்துலருந்து வாயில அதைத்தான் அடக்கி வச்சிருக்கேன். பொட்டலத்தை விரிச்சுப் போட்டா காரம் போயிரும், மணம் போயிரும். வாஸ்தவம். பொம்பள சிரிச்சா என்னடா போகும்? நானும் இத்தனை வருசமாப் பாக்குறேன். சிரிச்சவளுக்கு ஒரு பல்லுகூட விழல. பக்கத்துல நின்ன ஆம்பளை மூஞ்சிதான் விழுந்துச்சு. தன்னையப் பாத்துத்தான் சிரிக்குறாளோன்னு அவனுக்கு ஒரு சம்சயம்.

ஒனக்கு ஒரு சூச்சுமம் சொல்லித் தாரேன், காதைக் குடு. ‘கலாச்சாரம் போச்சு, கற்பு போச்சு’ன்னு எவனாச்சும் கத்துனா, நீ கலாச்சாரத்தைத் தேடிக்கிட்டு ஓடாத. நேரா அவன் வீட்டு அடுப்படியைப் போயிப் பாரு. அன்னைக்கு அவனுக்குக் காப்பி நேரத்துக்கு வந்திருக்காது. இல்லேன்னா வேட்டி தொவைக்காமக் கெடக்கும். அதுவும் இல்லேன்னா பொண்டாட்டி, ‘நான் வெளிய போயிட்டு வாரேன்’னு சொல்லியிருப்பா, ‘போகட்டுமா’ன்னு கேட்டிருக்க மாட்டா. போனது இவன் சௌகரியம். ‘என் சௌகரியம் போச்சே’ன்னு தெருவுல நின்னு கத்த முடியுமா? ஊரு சிரிக்கும். அதான் கற்பைக் கூப்புட்டுக்குறான்.

நம்பலையா? நம்ம சீமைக் கதையவே எடுத்துக்குவோம்.

எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் ரவிக்கை போட்டதில்லை. கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வச்சுக் கட்டி, முந்தியை இழுத்துச் சொருகுனா அம்புட்டுத்தான் அலங்காரம். ஊரே கையெடுத்துக் கும்புட்ட மனுசி. மொதமொத ரவிக்கை போட்டுக்கிட்டு வந்த மருமகளைப் பாத்து இதே ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘மினுக்கி வந்துட்டா’ன்னு சொல்லுச்சு. அன்னைக்கு ரவிக்கை போட்டவ கெட்டவ. இன்னைக்கு ரவிக்கையில முதுகு நாலு வெரக்கடை எறங்கியிருந்தா கெட்டவ. நல்லவ யாரு, கெட்டவ யாருன்னு முடிவு பண்ணுறதைத் தையக்காரன் கையில குடுத்துட்டோம்.

இதைவிடக் கூத்து தெக்க நடந்துச்சு. இன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டம்னு சொல்லுறோமே, அது அன்னைக்குத் திருவாங்கூர் ராசாவோட சீமை. அங்க நாடார் சாதிப் பொம்பளைக தோள்சீலை போட்டு மாரை மறைக்கக் கூடாது. போட்டவளை நடுரோட்டுல நிறுத்திச் சீலையை உருவுனாக. அடிச்சாக. தலைமுறைக் கணக்காப் போராடி, 1859லதான் ராசா, ‘சரி, மறைச்சுக்கிடுங்க’ன்னு உத்தரவு போட்டாரு. அதுலயும், மேல்சாதிப் பொம்பளைக போடுற விதத்துல போடக் கூடாதுன்னு ஒரு கொக்கி. மறைச்சதுக்கு அடிச்சவனும் கலாச்சாரத்தைத்தான் காப்பாத்துனான். இன்னைக்கு ‘துப்பட்டா எங்க?’ன்னு ரோட்டுல நின்னு கேக்குறவனும் அதையேதான் காப்பாத்துறான். அது என்னடா கலாச்சாரம், மூடுனாலும் சளி புடிக்குது, தொறந்தாலும் சளி புடிக்குது?

முத்துலெட்சுமி ரெட்டி பேரு கேள்விப்பட்டிருக்கியா? ஒங்க அக்காளுக்குப் பிள்ளைப்பேறுக்கு அரசாங்கத்துல பணம் குடுத்தாகளே, அந்தத் திட்டத்துக்கு அவுக பேருதான். 1886ல நம்ம புதுக்கோட்டையில பொறந்தவுக. மகாராசா காலேசுல படிக்கணும்னு அந்தப் புள்ளைக்கு ஆசை. அங்க படிச்சது பூராம் பயலுக. ஊருல பெரிய மனுசன்னு பேரெடுத்தவுக குதிச்சாக. ‘ஒரு பொட்டப்புள்ள உள்ள வந்தா பயலுக கெட்டுப் போயிருவாய்ங்க’ன்னாக.

கவனிச்சியா? கெட்டுப் போகப் போறது பயலுக. வெளிய நிறுத்தச் சொன்னது புள்ளைய.

நல்லவேளை, தொண்டைமான் ராசா அந்தப் பேச்சைக் காதுல வாங்கல. சேத்துக்கிட்டாரு. பயலுக கெட்டாய்ங்களா வெளங்குனாய்ங்களா, எவனும் எழுதி வைக்கல. அந்தப் புள்ள 1907ல மெட்ராஸ் மெடிக்கல் காலேசுல சேந்து, 1912ல டாக்டராகி வெளிய வந்துச்சு. சட்டசபைக்குப் போச்சு. 1954ல அடையாறுல புத்துநோய் ஆஸ்பத்திரியத் தொடங்குச்சு. குதிச்ச பெரிய மனுசங்க பேரு ஒண்ணாவது ஒனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

இன்னொண்ணு சொல்லணும். அவுக தாயார், கோயிலுக்குப் பொட்டு கட்டிவிடுற வம்சத்துல வந்தவுக. அந்த வழக்கத்தை ஒழிக்கணும்னு முத்துலெட்சுமி அம்மா சட்டசபையில பேச ஆரம்பிச்சது 1927ல. சட்டம் வந்தது 1947ல. இருவது வருசம் எதுக்கு ஆச்சு? வீட்டுல இருக்குறவ கற்புக்கரசியா இருக்கணும், கோயில் தெருவுல ஒருத்தி எந்நேரமும் இருக்கணும். ரெண்டையும் கேட்டது ஒரே பெரிய மனுசன்தான். ரெண்டுக்கும் சாத்திரம் வச்சிருந்தான். அதுல ஒண்ணைப் புடுங்குனா வலிக்காதா அவனுக்கு?

அடுத்தது சைக்கிள். இது நான் என் கண்ணால கண்டது.

1991. அறிவொளி இயக்கம் நம்ம மாவட்டத்துல தொடங்குன நேரம். எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கத்தான் வந்தாக. அப்பக் கலெக்டரா இருந்தது ஷீலா ராணி சுங்கத் அம்மா. பொம்பளைகளுக்கு எழுத்தோட சேத்துச் சைக்கிளும் பழக்கிவிட்டுருவோம்னு முடிவு பண்ணாக. சொல்லிக் குடுக்குற புள்ளைக ஊரு ஊராப் போகணும்ல? நடந்து மாளுமா?

அய்யய்யோ, அன்னைக்கு டீக்கடையில நடந்த பேச்சை நீ கேட்டிருக்கணும். ‘பொம்பள சைக்கிள் மிதிச்சா கர்ப்பப்பை எறங்கிரும்’னு ஒருத்தன் வைத்தியம் பேசுனான். அவன் தொழிலு ஆட்டு யாவாரம். ‘காலைத் தூக்கிப் போட்டு ஏறுறவ குடும்பத்துக்கு ஆவாளா?’ன்னு இன்னொருத்தன். ‘இனிமே எங்க வேணாலும் போவா, எப்ப வேணாலும் வருவா, எவன் கேக்குறது?’ன்னு மூணாமத்தவன். அந்த மூணாமத்தவன்தான்டா யோக்கியன். மத்தவனெல்லாம் சுத்தி வளைச்சான். இவன் உள்ளதைச் சொல்லிப்புட்டான்.

ரோட்டுல பழகுனாளுக. கம்மாக்கரையில பழகுனாளுக. விழுந்தாளுக, முட்டி பேந்துச்சு, மண்ணைத் தட்டிவிட்டு எந்திரிச்சாளுக. வயக்காட்டு வேலைக்காரி, கல்லு ஒடைக்கிறவ, அங்கன்வாடி ஆயா, நர்சம்மா, டீச்சரம்மான்னு ஒருத்தி பாக்கியில்லை. போற வழியில பயலுக பேசுன பேச்சு காது குடுத்துக் கேக்க முடியாது. அவளுகளும் கேக்கல. பெல்லை அடிச்சுக்கிட்டுப் போயிட்டாளுக.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துச்சு. அது வரட்டும்னு ஒக்காந்திருந்தாளுகளா? ஆம்பளை சைக்கிளையே எடுத்தாளுக. நடுவுல பார்க்கம்பி ஒண்ணு போகும்ல, அதைத் தாண்டிக் கால் போடுறது அசிங்கம்னு ஊரு சொல்லுச்சு. அவளுக என்ன சொன்னாளுக தெரியுமா? ‘அந்தக் கம்பி இருக்குறதுதான் வசதி, புள்ளைய முன்னாடி ஒக்கார வச்சுக்கலாம்’னாளுக. பின்னாடி கேரியர்ல தண்ணிக் கொடம், முன்னாடி புள்ள, நடுவுல அவ. நாம மானத்தை யோசிச்சுக்கிட்டிருந்த கம்பியில அவ புள்ளைக்கு எடம் பாத்துட்டா.

1992 மகளிர் தினத்தன்னைக்கு, கைப்புடியில கொடியைக் கட்டி, மணியை அடிச்சுக்கிட்டு, ஆயிரத்து ஐநூறு பேருக்கு மேல புதுக்கோட்டை டவுனுக்குள்ள சைக்கிள்ல வந்தாளுக பாரு! சாய்நாத்துன்னு ஒரு பத்திரிகைக்காரர் அதையெல்லாம் புத்தகத்துலயே எழுதிப்புட்டாரு. நம்ம டீக்கடை அன்னைக்கு வாயைத் தொறக்கல.

அப்பறம் என்ன ஆச்சு? கர்ப்பப்பை எறங்குச்சா? குடும்பம் கவுந்துச்சா? கொறைஞ்சது எதுன்னு நான் சொல்லுறேன். முன்னாடியெல்லாம் ஒரு பொம்பள பஸ்ஸுக்குப் போகணும்னா புருசனோ மகனோ சைக்கிள்ல கொண்டு போயி விடணும். அவன் சீட்டாடி முடிச்சு, டீ குடிச்சு, மீசையை நீவிக்கிட்டு வர்ற வரைக்கும் இவ வாசல்ல காத்துக் கெடக்கணும். ‘கொண்டு போயி விடுங்க’ன்னு நாலு தரம் கெஞ்சணும். அந்தக் கெஞ்சலு நின்னு போச்சு. தண்ணிக்கு நடந்தவ சுருக்கா வந்துட்டா. காய்கறியைத் தானே கொண்டு போயி வித்தவ, யாவாரி சொன்ன வெலைக்குத் தலையாட்டாம நின்னு பேரம் பேசிட்டு வந்தா. அந்த ஆட்டு யாவாரி பொண்டாட்டியும் பழகிக்கிட்டா. ஆட்டுக்குத் தழை வந்து எறங்குனது அவ சைக்கிள்லதான். அதுக்கப்பறம் அவன் கர்ப்பப்பையைப் பத்தி மூச்சு விடல.

டீக்கடை பெஞ்சை அப்பன் காலி பண்ணா மகன் வந்து ஒக்காருறான். 2021 மே மாசத்துலருந்து அரசாங்க டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்குக் காசு இல்லை. ‘ஓசி பஸ்ஸு வந்தாலும் வந்துச்சு, ஒருத்தியும் வீடு தங்குறதில்லை’ங்கிறான். 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகைன்னு அரசாங்கம் மாசம் ஆயிரம் ரூவா குடுக்க ஆரம்பிச்சுச்சு. ‘கையில காசு வந்ததும் திமிரு ஏறிப் போச்சு’ங்கிறான். ஏன்டா, முன்னாடி அவ பஸ்ஸுக்குக் காசு கேக்கையில ‘எங்க போற, எதுக்குப் போற, எப்ப வருவ’ன்னு ஒரு விசாரணை வப்பியே, அது போச்சேங்கிற கவலையா? பாதிப் பேரு போறது ஆஸ்பத்திரிக்கும் ரேசன் கடைக்கும்டா. ஒனக்கு மாத்திரை வாங்கத்தான் போறா.

அதே ரோட்டுல, 2003லருந்து அரசாங்கமே நடத்துற டாஸ்மாக் கடை இருக்கு. அங்க வீட்டுக் காசைக் கொட்டிட்டு, வேட்டி எங்கயோ தலை எங்கயோன்னு ஒருத்தன் கெடக்குறான். அவனைப் பாத்து ‘கலாச்சாரம் போச்சே’ன்னு எவனாச்சும் மாரடிக்கிறானா? ‘பாவம், ஒடம்பு அசதி’ன்னு ஓரமா இழுத்துப் போடுறோம். செல்லு, பணம் பத்திரமா இருக்கான்னு பாக்குறோம். என்ன கருணை, என்ன கருணை! அங்க ஒரு பொம்பள விழுந்து கெடந்தா ஒனக்கு இழுத்துப் போடத் தோணுமா, படம் புடிக்கத் தோணுமா? நெஞ்சுல கை வச்சுச் சொல்லு.

‘ஆம்பளை சேத்தைக் கண்ட எடத்துல மிதிப்பான், தண்ணியக் கண்ட எடத்துல கழுவுவான்’னு பெருமையாச் சொல்லுவாக. கழுவட்டும். அந்தத் தண்ணியத் தூக்கிட்டு வந்தது யாருடா?

இதைக் கணக்காவே எடுத்துப்புட்டாக. 2019ல அரசாங்கம், ஆறு வயசுக்கு மேல உள்ளவுக ஒரு நாளை எப்பிடிச் செலவழிக்கிறாகன்னு நாடு பூராம் கேட்டுச்சு. வீட்டு வேலை பாக்குற பொம்பளைக்குச் சம்பளமில்லாம ஒரு நாளைக்கு 299 நிமிசம் போச்சு. வீட்டு வேலை பாக்குற ஆம்பளைக்கு 97 நிமிசம். பரவால்லையேன்னு மீசையை முறுக்காத. ‘வேலை பாக்குற ஆம்பளை’ன்னு சொன்னேன்ல, அவன் நாலு பேருக்கு ஒருத்தன்தான். மிச்சம் மூணு பேரு அன்னைக்கு ஒரு டம்ளரைக்கூட நகட்டி வைக்கல. அந்த மூணு பேருலருந்துதான் லட்சணம் எழுதுற புலவனெல்லாம் கெளம்பி வாரான். நேரம் கெடக்குல்ல?

வீட்டு வேலை கெடக்கட்டும். குடும்பக் கட்டுப்பாட்டை எடுத்துக்க. இது கொஞ்சம் வெவகாரமான பேச்சு, ஒனக்கும் வயசாயிருச்சு, கேளு. ஆம்பளைக்குக் கருத்தடை பண்ணுறது சுளுவான வேலை. கொஞ்ச நேரத்துல முடிஞ்சு அன்னைக்கே வீட்டுக்கு நடந்து வந்துரலாம். பொம்பளைக்கு வயித்தைத் தொறக்கணும். 2019லருந்து 2021 வரைக்கும் எடுத்த குடும்ப நலக் கணக்குல, நாட்டுல கல்யாணமான பொம்பளைகள்ல நூத்துக்கு 37.9 பேரு ஆப்பரேசன் பண்ணியிருக்காக. புருசன் பண்ணிக்கிட்ட குடும்பம் நூத்துக்கு 0.3. முழுசா ஒரு ஆம்பளைகூட இல்லைடா, நூறு வீட்டுக்கு! கேட்டா, ‘நான் பாரம் தூக்குறவன்’ங்கிறான். அவன் தூக்குன பாரம் எனக்குத் தெரியும். சாவடிக்குப் போனா சீட்டுக்கட்டு, கல்யாண வீட்டுக்குப் போனா எலை. பத்து மாசம் பாரம் தூக்குனவ ஆஸ்பத்திரியில படுத்திருக்கா, இவன் வெளிய நின்னு பொட்டலம் கட்டுன இட்லியைத் தின்னுக்கிட்டிருக்கான். வீரம்ங்கிறது இதுதான் போலருக்கு.

சட்டமாவது ஒழுங்கா இருந்துச்சாங்கிற? வெள்ளைக்காரன் 1860ல ஒரு சட்டம் எழுதினான். அதுல 497ன்னு ஒரு பிரிவு. அடுத்தவன் பொண்டாட்டியோட ஒருத்தன் தப்பா நடந்தா அஞ்சு வருசம் வரைக்கும் செயிலு. கேக்க நல்லாத்தான் இருக்கு. கூர்ந்து பாரு. பிராது குடுக்குற பாத்தியதை அந்தப் பொண்டாட்டியோட புருசனுக்கு. தப்புப் பண்ணவனுக்கு வீட்டுல ஒரு பொண்டாட்டி இருப்பாள்ல, அவ போயிக் கேக்க முடியாது. அதுக்கும் மேல ஒண்ணு. ‘எனக்குச் சம்மதம்’னு அந்தப் புருசன் சொல்லிட்டா அது குத்தமே கெடையாது. வயல்ல அடுத்தவன் மாடு எறங்குனா வயல்காரன் பிராது குடுப்பான், அவனே மேய விட்டா வழக்கில்லை. வயலைக் கூப்புட்டு யாரு சாட்சி கேப்பாக? அந்தச் சட்டத்துல பொம்பள வயலு. 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லாதுன்னு தள்ளுச்சு. ஒடனே நம்ம டீக்கடை, ‘இனிமே பொம்பளைகளுக்குக் கட்டுப்பாடே இல்லை’ன்னு பொலம்புச்சு. அந்தப் பிரிவுல பொம்பளைக்குத் தண்டனையே எந்தக் காலத்துலயும் கெடையாதுடா. செயிலுக்குப் போக இருந்தது ஆம்பளை. பயம் விட்டுப் போனதும் ஆம்பளைக்கு. பொலம்பல் மட்டும் பொம்பளை பேருல.

2005ல நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில, கல்யாணத்துக்கு முன்னாடி ஆணும் பொண்ணும் பழகுறதைப் பத்தித் தன் மனசுல பட்டதைச் சொன்னாக. கற்புக்கு ஆபத்துன்னு ஊரு கூடுச்சு. வெளக்கமாறும் செருப்புமா ஊர்வலம். எங்க தெருவுல ஒரு மகராசன், அவன் பொறந்ததுலருந்து வெளக்கமாத்தைத் தொட்டதில்லை, அன்னைக்குப் பொண்டாட்டிகிட்ட ‘அது எங்கடி இருக்கு?’ன்னு கேட்டு எடுத்துக்கிட்டுக் கெளம்புனான். அவ வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னா. அந்தம்மா மேல போட்ட வழக்கு 23. 2010 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு அம்புட்டையும் ஊதித் தள்ளிருச்சு. கருத்துச் சொன்னா எப்பிடிடா குத்தம்? வெளக்கமாறு பழைய மூலைக்குத் திரும்பிப் போச்சு. கூட்டுனது வழக்கம்போல அவதான்.

கண்ணகி சிலை தெரியும்ல? 1968ல உலகத் தமிழ் மாநாட்டுக்கு மெரினாவுல வச்சாக. 2001ல எடுத்தாக. ஊரே கொந்தளிச்சு, 2006ல மறுபடி வச்சாக. கற்புக்கரசின்னு மால போடுறாக, சந்தோசம். அவ செஞ்சது என்ன? ஒத்தைப் பொம்பளையா அரண்மனைக்குப் போயி, காவக்காரனைத் தாண்டி, ராசா மூஞ்சிக்கு நேரா ‘ஒன் தீர்ப்பு தப்பு’ன்னு சத்தம் போட்டா. அவ குரல் வீட்டையா தாண்டுச்சு? ஊரையே தாண்டுச்சு. இன்னைக்கு நம்ம கிராமசபையில ஒருத்தி எந்திரிச்சு, ‘தெருவெளக்குக் கணக்கைக் காட்டு’ன்னு கேக்கட்டும் பாப்போம். ‘அடங்காப்பிடாரி, யாரு வீட்டு மருமக?’ன்னு கேப்பாக. செலையா நின்னாத்தான்டா நமக்குக் கண்ணகி புடிக்கும்.

‘முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும் சேதம் சேலைக்குத்தான்’னு பெருசா நாயம் சொல்லுவாக. நான் சம்சாரி. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பாதையில சீமைக்கருவை மண்டிக் கெடந்தா அருவாளை எடுத்து முள்ளை வெட்டுவியா, ஊருல உள்ள சேலையையெல்லாம் பொட்டியில வச்சுப் பூட்டுவியா? ‘மகளே, பாத்துப் போ’ன்னு நித்தமும் சொல்லுறோம். ‘மகனே, ஒழுங்கா நட’ன்னு ஒரு தரமாச்சும் வாயைத் தொறந்தோமா? ராத்திரி பத்து மணிக்கு மக வந்தா வாசல்ல அப்பன் நிப்பான். மகன் வந்தா வாசல்ல ஆத்தா சோத்தோட நிப்பா.

ஆம்பளைக்கு மட்டும் சும்மா விட்டாகளா? அவனுக்கும் ஒரு லட்சணம் எழுதி வச்சிருக்கு. ஆம்பளை அழக் கூடாது. ஒங்க அய்யா செத்தன்னைக்கு ஒங்க அப்பன் பந்தல்ல கல்லா நின்னான். எல்லாரும் ‘அதான்டா ஆம்பளை’ன்னாக. மறுநா வெள்ளன வயலுக்குப் போயி, மோட்டார் ரூமுக்குள்ள நொழைஞ்சு கதவைச் சாத்தி, மோட்டாரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துல அழுதிருக்கான். நான் வரப்புலருந்து கேட்டேன். எதுக்குடா இது? அறுப்பு முடிஞ்ச வயலுக்கு ஒரு மணி நேரம் தண்ணி பாஞ்சுச்சு. ஓசிக் கரண்டுங்கிறதால போச்சு.

சரி, பேச்சு வளந்துக்கிட்டே போகுது. வர்ற வெள்ளிக்கெழமை பொண்ணு பாக்கப் போறியாம்ல? ஒங்க ஆத்தா சொல்லுச்சு. பொண்ணு பெரியாஸ்பத்திரியில நர்சு, ராத்திரி டூட்டி முடிச்சுட்டுத் தானே ஸ்கூட்டியில வீட்டுக்கு வந்துருவாளாமே? ‘அடக்கமான பொண்ணான்னு விசாரிச்சுச் சொல்லுங்க’ன்னு என்கிட்ட ஆளு வேற விட்டிருக்க.

விசாரிச்சேன். பொண்ணைப் பத்தித் தெரியலை. அவளோட அம்மாச்சியை எனக்கு நல்லாத் தெரியும். 1992ல சைக்கிள் ஊர்வலம் வந்துச்சுன்னு சொன்னேன்ல, அதுல மொத வரிசையில மணியடிச்சுக்கிட்டு வந்தவ. வெள்ளிக்கெழமை நடுவீட்டுல நாற்காலி போட்டு அவதான் ஒக்காந்திருப்பா. பொண்ணைப் பாடச் சொல்லுறது, நடக்கச் சொல்லுறது, சமைக்கத் தெரியுமான்னு கேக்குறது, இதையெல்லாம் இங்கனயே மூட்டை கட்டி வச்சுட்டுப் போ. அங்க கேள்வி கேக்குறது அவ. குடிப்பியான்னு கேப்பா, இல்லைன்னு சொன்னா ஊதச் சொல்லுவா. புள்ளைக்குக் கால் கழுவிவிடுவியான்னு கேப்பா. பேத்தி ராத்திரி டூட்டிக்குப் போனா நீ என்ன தின்னுவேன்னு கேப்பா. ‘ஓட்டல்ல வாங்கிக்குவேன்’னு மட்டும் சொல்லிராத. எந்திரிச்சு வெத்தலைத் தட்டைத் திருப்பிக் குடுத்துருவா.

இன்னும் நாலு நாளு கெடக்கு. அடுப்படிக்குப் போயி ஒரு ரசமாச்சும் வச்சுப் பழகு. புளி எம்புட்டுக் கரைக்கணும்னு தெரியலைன்னா ஒங்க ஆத்தாளைத் தொந்தரவு பண்ணாத, என்கிட்ட வா. எங்க வீட்டுக் கெழவி முட்டி வலின்னு ஒக்காந்ததுலருந்து அந்த எலாகா பூராம் நம்மகிட்டத்தான். போன வாரம்கூட உப்பு கூடிப் போச்சுன்னு அங்கிட்டுருந்து சத்தம் போட்டா. தெரு மொனை வரைக்கும் கேட்டுச்சு.